கோழிக் கருவின் கண்ணில் பாக்ஸ்6-ஐப் பார்ப்பது எப்படி: முட்டையிலிருந்து நுண்ணோக்கி வரை

கோழிக் கருவில் கண் உருவாகும்போது பாக்ஸ்6 என்ற புரதம் எந்தச் செல்களில், எந்த நேரத்தில் இருக்கிறது என்று ஒளிர்சாயம் ஏற்றிப் பார்ப்பதற்கான வழிகாட்டி இது. பாக்ஸ்6 ஒரு படியெடுத்தல் காரணி. டிஎன்ஏ-வில் குறிப்பிட்ட இடங்களில் போய் உட்கார்ந்து, எந்த மரபணு இயங்க வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் புரதங்களுக்கு அந்தப் பெயர்.

ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்கள் சாயம் சரியாக விழாவிட்டால் உடனே ஆன்டிபாடியை (குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் எதிர்ப்புரதம்) சந்தேகப்படுகிறார்கள். கூட நின்று பார்த்த அளவில் சொல்கிறேன்: தவறு பெரும்பாலும் அதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நடந்து முடிந்திருக்கும். கருவின் வயது தவறு, திசுவை இறுக்கி நிலைநிறுத்தும் ஃபார்மால்டிஹைடில் ஊறிய நேரம் தவறு, வெட்டிய கோணம் தவறு. அதனால் இந்த வழிகாட்டியில் சாயமேற்றும் பகுதியைவிட அதற்கு முந்தைய படிகள்தான் நீளமாக இருக்கும்.

1. முட்டையைத் தொடுவதற்கு முன் கேள்வியை எழுதுங்கள்

"கண்ணில் பாக்ஸ்6 பார்க்க வேண்டும்" என்பது கேள்வி ஆகாது. இந்தப் புரதம் ஒரே கண்ணில் வெவ்வேறு நாளில் வெவ்வேறு வேலை செய்கிறது. எந்த வேலையைப் பார்க்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்தால்தான் எத்தனை மணி நேரம் அடைவைப்பது என்று தெரியும்.

கோழிக் கருவின் வளர்ச்சியை ஹாம்பர்கர், ஹாமில்டன் இருவரும் 1951-இல் 46 நிலைகளாகப் பிரித்தார்கள். இன்றும் எல்லோரும் அதையே பயன்படுத்துகிறோம். கண்ணுக்கு நான்கு நிலைகளை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

நிலை 10, சுமார் 33 முதல் 38 மணி நேரம். முன்மூளையின் இரு பக்கமும் கண் குமிழ்கள் புடைத்து வெளியே வருகின்றன. குமிழிலும், அதை மூடியிருக்கும் தலையின் புறப்படலத்திலும் (கருவின் வெளிப்புறச் செல் அடுக்கு) பாக்ஸ்6 இருக்கிறது. குமிழ் உருவாவதற்கு எது காரணம் என்பது கேள்வியானால், இங்கே பாக்ஸ்6-ஐ மட்டும் பார்த்துப் பயனில்லை. ராக்ஸ், சிக்ஸ்3, எல்ஹெச்எக்ஸ்2, ஓடிஎக்ஸ்2 என்று படியெடுத்தல் காரணிகளின் ஒரு கூட்டமே சேர்ந்து செய்யும் வேலை அது.

நிலை 14, சுமார் 50 முதல் 53 மணி நேரம். குமிழ் புறப்படலத்தைத் தொட்டு, அந்த இடம் தடித்து, கண்ணின் லென்ஸாகப் போகும் வில்லைத் தடிப்பு உருவாகி உள்நோக்கிக் குழியத் தொடங்கும் நேரம். குமிழும் மடங்கிக் கிண்ணமாக ஆரம்பிக்கிறது. கண் வில்லை எப்படித் தொடங்குகிறது என்பவருக்கு இதுதான் நிலை. புறப்படலத்தில் முன்பே பாக்ஸ்6 காத்திருக்கிறது. குமிழ் வந்து தொட்டபின் அதே செல்களில் சாக்ஸ்2 என்ற இன்னொரு காரணி கூடுகிறது. இரண்டும் சேர்ந்து டெல்டா கிரிஸ்டலின் என்ற வில்லைப் புரதத்துக்கான மரபணுவின் ஊக்கிப் பகுதியில் ஒன்றாக அமர்ந்து அதை இயக்குகின்றன. ஒன்று மட்டும் இருந்தால் அந்த வேலை நடப்பதில்லை.

நிலை 18, மூன்றாம் நாள், 65 முதல் 69 மணி நேரம். வில்லை தனி உருண்டையாகப் பிரிந்திருக்கும். கிண்ணத்துக்கு இரண்டு சுவர்: உள்ளே விழித்திரை ஆகப்போவது, வெளியே நிறமி அடுக்கு ஆகப்போவது.

நிலை 24, சுமார் நாலரை நாள். கிண்ணம் பெரிதாகி, அதை மூளையோடு இணைக்கும் கண்காம்பு தெளிவாகப் பிரிந்து தெரியும். கண்ணுக்கும் காம்புக்கும் இடையே உள்ள எல்லையைப் பார்க்க இதுதான் வசதி.

முதல் முறை செய்பவர்கள் நிலை 18-இல் தொடங்குங்கள். கரு கையாளும் அளவுக்குப் பெரிது, கண்ணின் பாகங்கள் எல்லாம் பிரிந்து தெரியும், நிறமி இன்னும் வரவில்லை. நிலை 10 அழகாக இருக்கும். ஆனால் பழகாத கையில் கிழிந்துவிடும்.

2. கைக்கெட்டும் இடத்தில் என்னென்ன இருக்க வேண்டும்

கருவை எடுத்த பிறகு எதையும் தயாரிக்கப் போகக் கூடாது. வெளியே வந்த திசு காத்திருந்தால் செல்கள் சிதையத் தொடங்கும். அதனால் முதல் நாளே இவை தயாராக இருக்கட்டும்: 2 லிட்டர் பிபிஎஸ் (பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசல்); பிபிஎஸ்-இல் கரைத்த 4 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடு 50 மில்லி; 15, 30 சதவீதச் சுக்ரோஸ் கரைசல்கள்; ஓசிடி (திசுவைப் பதித்து உறையவைக்கும் பசை); அதற்கான சிறு அச்சுகள்; நேர்மின்னேற்றம் செய்த ஸ்லைடுகள்; இரண்டு நுண்ணிய இடுக்கி; நுனி வளைந்த கத்தரிக்கோல்; 18 கேஜ் ஊசியும் 5 மில்லி சிரிஞ்சும்; வடிதாள்.

பாராஃபார்மால்டிஹைடு பொடியைப் புகைபோக்கிப் பெட்டிக்குள்தான் எடை போட வேண்டும். முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. இதில் அவசரம் வேண்டாம். 60 டிகிரி அளவில் சூடாக்கி, ஒரு சொட்டு சோடியம் ஹைட்ராக்சைடு விட்டால் பொடி கரையும். கொதிக்க விடாதீர்கள். ஆறிய பின் பிஎச் 7.4 இருக்கிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனையை விடுபவர்கள் நிறையப் பேர். காரம் கூடிய கரைசலில் வைத்த கருவில் சாயம் மங்கலாக வரும். காரணம் புரியாமல் ஒரு வாரம் போகும்.

பாக்ஸ்6-க்கு அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் உள்ள ஹைப்ரிடோமா வங்கி தரும் எலி (சுண்டெலி) ஆன்டிபாடி கோழிக்கு நன்றாகப் பொருந்தும். அது கோழியின் பாக்ஸ்6 துண்டை வைத்தே உண்டாக்கப்பட்டது. எலி ஆன்டிபாடியைக் கோழித் திசுவில் போடுவதில் இன்னொரு வசதியும் உண்டு: எலித் திசுவில் எலி ஆன்டிபாடி போட்டால், திசுவிலேயே இருக்கும் எலியின் சொந்த ஆன்டிபாடிகளையும் இரண்டாம் ஆன்டிபாடி (முதல் ஆன்டிபாடியைப் பிடித்து ஒளிரும் சாய ஆன்டிபாடி) பிடித்துக்கொள்ளும். கோழியில் அந்தத் தொல்லை இல்லை.

நிறுவனத்தின் விலங்கு நெறிக்குழு கருமுட்டை வேலைக்கு என்ன அனுமதி கேட்கிறது என்பதையும் முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

3. கருவுள்ள முட்டை வாங்குவது

கடை முட்டையில் கரு இருக்காது. நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து வரும் வெள்ளை முட்டைகள் சேவலே இல்லாத கூண்டுகளில் இடப்பட்டவை. எத்தனை நாள் அடைவைத்தாலும் ஒன்றும் நடக்காது. இதை நம்பாமல் இரண்டு டஜன் வாங்கி வந்து காத்திருந்த மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். குஞ்சு பொரிப்பகத்துக்கோ, சேவலோடு வளர்க்கும் இனப்பெருக்கப் பண்ணைக்கோதான் போக வேண்டும்.

வீட்டு நாட்டுக்கோழி முட்டையில் கரு இருக்கும். ஆனால் எப்போது இட்டது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. கோழி அதன்மேல் கொஞ்சம் உட்கார்ந்திருக்கவும் கூடும். மணிக்கணக்கு முக்கியமான இந்த வேலைக்கு அது ஒத்துவராது.

நம் ஊர் வெயிலில் கவனிக்க வேண்டியது பயணம். கருவின் வளர்ச்சி 37 டிகிரியில்தான் தொடங்கும் என்று நினைக்கிறோம். உண்மையில் இருபதுகளின் தொடக்கத்தைத் தாண்டினாலே கரு மெதுவாகவும் ஒழுங்கில்லாமலும் வளர ஆரம்பித்துவிடும். மே மாதத்தில் மதியம் பேருந்தில் வரும் முட்டை, ஆய்வகத்துக்கு வருவதற்குள் பாதி வழி போயிருக்கும். அப்புறம் உங்கள் மணிக்கணக்கு எதுவும் பொருந்தாது. விடியற்காலையில் வாங்கி, தெர்மாகோல் பெட்டியில் கொண்டுவந்து, 12 முதல் 16 டிகிரிக்குள் வையுங்கள். ஒரு வாரத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள். சாதாரணக் குளிர்பெட்டியின் 4 டிகிரி கருவுக்கு அதிகக் குளிர்.

ஆறு நல்ல கரு வேண்டுமென்றால் பன்னிரண்டு முட்டை வையுங்கள். சிலது கருவில்லாமல் இருக்கும், சிலது கையில் உடையும்.

4. பின்னாலிருந்து எண்ணி அடைவைப்பது

எடுக்கும் நேரத்தை முதலில் குறியுங்கள். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். நிலை 10 வேண்டுமா? திங்கள் இரவு 10 மணிக்கு வைத்தால் புதன் காலை 10 மணிக்கு 36 மணி நேரம் ஆகியிருக்கும். நிலை 18 வேண்டுமா? திங்கள் மதியம் 2 மணிக்கு வைத்து வியாழன் காலை 9 மணிக்கு எடுங்கள். மாறாக, கைக்கு வசதியான நேரத்தில் வைத்துவிட்டு எப்போது தோன்றுகிறதோ அப்போது எடுத்தால், நள்ளிரவில் சரியான நிலை வந்து போயிருக்கும்.

குளிரிலிருந்து எடுத்த முட்டையை நேராக இன்குபேட்டரில் வைக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வந்த பின் வையுங்கள். குளிர்ந்த முட்டை சூடேறவே சில மணி நேரம் எடுக்கும்; அந்த நேரம் உங்கள் கணக்கில் பிழையாக நிற்கும்.

வெப்பம் 37.5 முதல் 38 டிகிரி, ஈரப்பதம் 55 முதல் 60 சதவீதம். முட்டையைப் படுக்கவைத்து, மேல்பக்கம் பென்சிலால் குறியிடுங்கள். கரு எப்போதும் மஞ்சள் கருவின் உச்சிக்கு மிதந்து வரும். குறி இருந்தால் எங்கே திறப்பது என்று பிறகு தேட வேண்டியதில்லை. பேனா மை வேண்டாம், ஓட்டின் துளைகள் வழியே உள்ளே போகலாம்.

5. கருவை வெளியே எடுப்பது

முதலில் மொட்டையான முனையில் ஊசியைக் கீழ்நோக்கிச் செலுத்தி 2 முதல் 3 மில்லி வெண்கருவை உறிஞ்சுங்கள். இதைச் செய்யாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டினாற்போல் இருக்கும். கத்தரி முதலில் வெட்டுவது ஓட்டை அல்ல, கருவை. வெண்கரு குறைந்ததும் கரு கீழே இறங்கிவிடும்.

பிறகு பென்சில் குறியின்மேல் ஒளிபுகும் டேப் ஒட்டி, கத்தரியைச் சாய்த்து, ஓட்டோடு படுக்கையாக வெட்டிச் சாளரம் திறங்கள். டேப் இல்லாமல் வெட்டினால் ஓட்டுத் துகள் உள்ளே விழும்.

நிலை 14 வரை உள்ள கருவுக்கு வடிதாள் வளையம்தான் நல்ல வழி. வடிதாளில் ஒரு சென்டிமீட்டர் துளை போட்டு, கரு நடுவில் வரும்படி சவ்வின்மேல் வையுங்கள். தாள் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். தாளைச் சுற்றிச் சவ்வை வெட்டி, இடுக்கியால் தாளோடு தூக்கிப் பிபிஎஸ்-இல் விடுங்கள். கரு விறைப்பாக நிற்கும், சுருளாது. நிலை 18-க்கு மேல் சுற்றிலும் வெட்டித் துளைக் கரண்டியால் எடுத்தால் போதும்.

இப்போதே மஞ்சள் கருவை மூடிய சவ்வையும், மூன்றாம் நாள் கருவாக இருந்தால் பனிக்குடத்தையும் உரித்துவிடுங்கள். பிறகு பார்க்கலாம் என்று விட்டால், ஃபார்மால்டிஹைடு அதைத் திசுவோடு சேர்த்து இறுக்கிவிடும். ஆன்டிபாடி அந்த மடிப்புகளில் தேங்கிப் பொய்யான வெளிச்சம் காட்டும்.

6. ஊறவைக்கும் முன்பே சோமைட்டை எண்ணுங்கள்

மணி நேரம் ஒரு வழிகாட்டிதான். நிலையைச் சொல்வது கருவின் உடம்பு. நரம்புக் குழாயின் இரு பக்கமும் கட்டி கட்டியாக இருக்கும் சோமைட்டுகளை, உயிருள்ள கருவில், கீழிருந்து சாய்வான ஒளி விட்டு எண்ணுங்கள். 10 ஜோடி என்றால் நிலை 10; 13 என்றால் 11; 16 என்றால் 12; 19 என்றால் 13; 22 என்றால் 14. நிலை 10-க்குப் பிறகு முதல் ஜோடி கலைந்துபோகும். அதை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. நிலை 18 வந்ததும் இறக்கை, கால் மொட்டுகளின் அளவையும் சேர்த்துப் பாருங்கள்.

ஒரே தட்டில் வைத்த பன்னிரண்டு முட்டையில் நிலை 16-உம் வரும், 19-உம் வரும். அது இயல்பு. எண்ணாமல் எல்லாவற்றையும் "மூன்று நாள்" என்று ஒரே குப்பியில் போடுவதுதான் தவறு. பின்னால் ஒரு கருவில் வில்லை மூடியும் இன்னொன்றில் திறந்தும் இருக்கும். அதைப் பரிசோதனையின் விளைவு என்று நம்பிவிடுவோம். ஒரு கரு, ஒரு குப்பி, குப்பியின்மேல் நிலை.

7. ஃபார்மால்டிஹைடில் எவ்வளவு நேரம்

குறைவாக ஊறினால் திசு குழைந்துவிடும். கூடுதலாக ஊறினால் புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஆன்டிபாடி பிடிக்கும் இடம் மறைந்துவிடும். உட்கருவுக்குள் டிஎன்ஏ-வோடு நெருங்கி அமர்ந்திருக்கும் காரணிகளுக்கு இந்த இரண்டாவது ஆபத்து அதிகம்.

பனிக்கட்டியின்மேல், 4 சதவீதக் கரைசலில்: நிலை 10-க்கு 30 நிமிடம், நிலை 14-க்கு முக்கால் மணி முதல் ஒரு மணி, நிலை 18-க்கு ஒரு மணி முதல் ஒன்றரை மணி, நிலை 24-க்கு இரண்டு மணி. எங்கள் கையில் இந்த நேரங்கள் ஒத்துவந்தன. "இரவு முழுக்க இருக்கட்டும், காலையில் பார்க்கலாம்" என்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. கரைசல் அன்றே செய்ததாகவோ, உறையவைத்து அன்று உருக்கியதாகவோ இருக்கட்டும். பிறகு பிபிஎஸ்-இல் மூன்று முறை, தலா 10 நிமிடம் கழுவுங்கள்.

உடலை எறிந்துவிடாதீர்கள். தலையோடு உடல் துண்டு ஒன்றையும் சேர்த்தே கொண்டுபோங்கள். ஏன் என்று 10-ஆம் பகுதியில் தெரியும்.

8. சுக்ரோஸ், ஓசிடி, கோணம்

15 சதவீதச் சுக்ரோஸில் கரு மூழ்கும் வரை, பிறகு 30 சதவீதத்தில் மூழ்கும் வரை, 4 டிகிரியில் வையுங்கள். கரு அடியில் போய் உட்கார்ந்தால்தான் உள்ளே உள்ள நீர் வெளியேறியிருக்கிறது என்று பொருள். மிதக்கும்போதே எடுத்து உறையவைத்தால் பனிப் படிகங்கள் திசுவைக் குத்தி ஓட்டை ஓட்டையாக ஆக்கும்.

இனி கோணம். இந்த வேலையில் மிக அதிகமாகச் சறுக்கும் இடம் இது. நிலை 10-இல் தலை நேராக இருக்கிறது. உடலுக்குக் குறுக்கே வெட்டினால் இரண்டு கண் குமிழும் நடுவில் மூளையும் ஒரே வெட்டில் கிடைக்கும். பிறகு தலை முன்னோக்கி மடங்குகிறது. கூடவே வலப்பக்கம் திரும்பி, கரு இடப்பக்கமாகப் படுத்துக்கொள்கிறது. நிலை 18-இல் உடலுக்குக் குறுக்கே வெட்டுகிறோம் என்று நினைத்து வெட்டினால், மடங்கிய முன்மூளை நீளவாக்கில் வெட்டுப்படும். கண் ஒரு பக்கம் மட்டும் வரும், காம்பு வரவே வராது.

தீர்வு எளிது. தலையைப் பின்மூளைக்குப் பின்னால் வெட்டித் தனியாக எடுங்கள். உடலை மறந்துவிட்டு, இரண்டு கண்களையும் இணைக்கும் கோட்டை மட்டும் பாருங்கள். அந்தக் கோடு கத்தியின் தளத்துக்குள் வர வேண்டும். ஓசிடி நிரம்பிய அச்சில் நுண்ணோக்கியின்கீழ் வைத்துத் திருப்பி, அச்சின் சுவரில் கத்தி வரும் பக்கத்தை அம்புக்குறியிட்டு, உலர்பனியில் குளிரவைத்த எத்தனாலில் உறையவையுங்கள். திரவ நைட்ரஜனில் நேராகப் போட்டால் கட்டி வெடித்துப் பிளந்துவிடும்.

9. வெட்டுவது

கிரையோஸ்டாட் (உறைந்த திசுவை மெல்லிய சீவல்களாக வெட்டும் கருவி) மைனஸ் 20 டிகிரி, தடிமன் 12 மைக்ரான். தடிமன் கூடினால் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கருக்கள் தெரிந்து, எது சாயம் பெற்றது, எது பெறவில்லை என்று சொல்ல முடியாது.

வெட்டுகளை ஒரே ஸ்லைடில் வரிசையாக அடுக்காதீர்கள். நான்கு ஸ்லைடுகளை வைத்துக்கொண்டு முதல் வெட்டு முதல் ஸ்லைடுக்கு, இரண்டாவது இரண்டாவதுக்கு, ஐந்தாவது மறுபடி முதலுக்கு என்று சீட்டுப் போடுவதுபோல் போடுங்கள். அப்போது ஒவ்வொரு ஸ்லைடிலும் கண்ணின் முன்முனையிலிருந்து பின்முனை வரை எல்லாம் இருக்கும். ஒன்று பாக்ஸ்6-க்கு, ஒன்று ஒப்பீட்டுக்கு, மீதி இரண்டு அடுத்த காரணிகளுக்கு.

10. ஒப்பீடுகளை முதலிலேயே எடுத்து வையுங்கள்

முதல் ஆன்டிபாடி போடாத ஸ்லைடு ஒன்று கட்டாயம். அதில் தெரியும் வெளிச்சம் எல்லாம் பொய். ஆனால் அது மட்டும் போதாது. சாயம் விழுந்தது, ஆனால் பாக்ஸ்6-இல்தான் விழுந்ததா என்பதற்கு அதனால் பதில் சொல்ல முடியாது. அதற்குத்தான் அந்த உடல் துண்டு.

உடலின் குறுக்குவெட்டில் நரம்புக் குழாயின் நடுப்பகுதி பளிச்சென்று தெரிய வேண்டும். குழாயின் அடித்தட்டும், அதற்குக் கீழே உள்ள முதுகுநாணும் இருட்டாக இருக்க வேண்டும். சோமைட்டும் இருட்டு. முக்கியமாகச் சிறுநீரகக் குழலைப் பாருங்கள்: அங்கே பாக்ஸ்6-இன் குடும்பத்தைச் சேர்ந்த பாக்ஸ்2 இருக்கிறது, பாக்ஸ்6 இல்லை. இரண்டு புரதங்களிலும் டிஎன்ஏ-வைப் பிடிக்கும் பகுதி மிகவும் ஒத்தது. சிறுநீரகக் குழல் ஒளிர்ந்தால் உங்கள் ஆன்டிபாடி குடும்பத்தில் வேறு ஆளையும் பிடிக்கிறது என்று அர்த்தம். ஒரே ஒரு வெட்டில் இத்தனை விடை கிடைக்கும்போது இதை விடக் கூடாது.

11. சாயமேற்றுவது

முதல் நாள். ஸ்லைடுகளை அரை மணி நேரம் உலரவிட்டு, பிபிஎஸ்-இல் மூன்று முறை தலா 5 நிமிடம் கழுவினால் ஓசிடி கரைந்துவிடும். வெட்டுகளைச் சுற்றி நீர் ஒட்டாப் பேனாவால் கட்டம் போடுங்கள். 10 சதவீதக் கழுதைச் சீரமும் 0.1 சதவீத ட்ரைட்டானும் சேர்த்த பிபிஎஸ்-ஐ ஒரு மணி நேரம் வையுங்கள். சீரம் வீணாக ஒட்டும் இடங்களை அடைக்கும். ட்ரைட்டான் சவ்வுகளைத் துளைத்து, ஆன்டிபாடி உட்கரு வரை போக வழிவிடும்.

பிறகு பாக்ஸ்6 ஆன்டிபாடி. மில்லிக்கு 2 முதல் 5 மைக்ரோகிராம் என்று தொடங்கலாம். முதல் முறை மூன்று அடர்த்திகளில் போட்டுப் பாருங்கள். அடியில் ஈரத் துணி வைத்த மூடிய பெட்டியில், 4 டிகிரியில், இரவு முழுக்க. பெட்டி சமதளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்; ஓரமாக உலர்ந்த வெட்டு மறுநாள் எல்லா நிறத்திலும் ஒளிரும்.

இரண்டாம் நாள். மூன்று முறை தலா 10 நிமிடம் கழுவி, கழுதையில் உண்டாக்கிய, எலி ஆன்டிபாடியைப் பிடிக்கும் ஒளிர்சாய ஆன்டிபாடியை 500-க்கு ஒன்றாகக் கலந்து, இருட்டில் ஒரு மணி நேரம். மறுபடி கழுவி, உட்கருவைக் காட்டும் டாப்பி மில்லிக்கு 1 மைக்ரோகிராம், 5 நிமிடம். கடைசியாகக் கழுவி மூடிவிடுங்கள்.

சாயம் மங்கல் என்றால் மட்டும், பிஎச் 6 சிட்ரேட் கரைசலில் 95 டிகிரியில் 10 நிமிடம் சூடுகாட்டி மறுபடி செய்யுங்கள். மறைந்த இடங்கள் திறக்கும். உறைவெட்டுகள் சூட்டில் கழன்று மிதக்கக் கூடும். அதனால் இதை முதல் முயற்சியிலேயே செய்ய வேண்டாம்.

12. பார்ப்பதும் ஏமாறாமல் இருப்பதும்

கேமராவின் தானியங்கி ஒளி அளவை அணைத்துவிடுங்கள். அது இருட்டான ஒப்பீட்டு ஸ்லைடையும் பளிச்சென்று காட்டும். மிகப் பிரகாசமான வெட்டில் அளவை வைத்து, அதே அளவில் எல்லாவற்றையும் எடுங்கள்.

முதல் விதி: பாக்ஸ்6 உட்கருவில் இருக்க வேண்டும், டாப்பியோடு பொருந்த வேண்டும். விதிவிலக்கு, பிரிந்துகொண்டிருக்கும் செல்கள். அவற்றில் காரணி குரோமோசோமை விட்டு விலகிச் செல் முழுக்கப் பரவித் தெரியலாம். விழித்திரையில் செல்கள் பிரிவது நிறமி அடுக்கை ஒட்டிய விளிம்பில். அங்கே மங்கலான செல்களைக் கண்டு பதற வேண்டாம்.

நிலை 18 கண்ணில் நீங்கள் காண வேண்டியது: வில்லையிலும் விழித்திரைச் சுவரிலும் தெளிவான உட்கருச் சாயம்; கண்ணை மூடிய புறப்படலத்திலும் சாயம் (அது பிறகு கண்ணின் முன்பக்க ஒளிபுகும் படலமான கார்னியாவின் மேல்தோல் ஆகும்); நடுமூளை இருட்டு. முன்மூளையில் சாயம் நடுமூளையின் எல்லையில் கூர்மையாக நிற்கும். அந்தக் கோடு தெரிந்தால் சாயம் நம்பத்தக்கது.

மூன்று பொறிகள். ஒன்று, இரத்த அணுக்கள். கோழியின் சிவப்பணுவுக்கு உட்கரு உண்டு. ஃபார்மால்டிஹைடுக்குப் பின் தானாகவே ஒளிரும். டாப்பியும் இருக்கிறது, பச்சையும் இருக்கிறது என்று அதைப் பாக்ஸ்6 செல் என்று எண்ணியவர்கள் உண்டு. இரண்டு, நிறமி. நிலை 20-இலிருந்து கண்ணின் வெளிச்சுவரில் நிறமி மெல்லத் தோன்றும். அது ஒளிர்வை விழுங்கும். நிறமி அடுக்கில் பாக்ஸ்6 நாளடைவில் உண்மையாகவே குறைகிறது, ஆனால் கறுத்த அடுக்கில் இருட்டைப் பார்த்து மட்டும் அதைச் சொல்லக் கூடாது. மூன்று, கிண்ணத்தின் அடிப்பக்கப் பிளவு. எல்லாக் கண் கிண்ணத்திலும் கீழே ஒரு பிளவு இருக்கும், பிறகு மூடிக்கொள்ளும். வெட்டு அதன்வழியே போனால் விழித்திரையின் கீழ்ச்சுவர் காணாமல் போனதுபோல் இருக்கும். அது குறைபாடு அல்ல.

இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். சாயம் இருப்பதைக் காட்டும், செய்வதைக் காட்டாது. நிலை 10-இல் கண் குமிழ் முழுக்கப் பாக்ஸ்6 பளிச்சிடுவதைப் பார்த்தால், குமிழை உண்டாக்குவதே அதுதான் என்று எழுதத் தோன்றும். ஆனால் பாக்ஸ்6 இரண்டு பிரதியும் பழுதான எலியில் கண் குமிழ் உருவாகிறது. புறப்படலத்தில் வில்லைத் தடிப்புதான் உருவாவதில்லை, கண் அதோடு நின்றுவிடுகிறது. குமிழ் வெளிவரவே இல்லை என்பது ராக்ஸ் இல்லாத எலியின் கதை. அளவும் முக்கியம்: மனிதரில் பாக்ஸ்6-இன் ஒரு பிரதி மட்டும் பழுதானாலே ஐரிஸ் (கண்ணின் நிறமுள்ள வளையம்) இல்லாத அனிரிடியா என்ற நோய் வருகிறது. அதனால் "இங்கே இருக்கிறது" என்று எழுதுங்கள். "இங்கே இதைச் செய்கிறது" என்று எழுத, அதை நீக்கியோ கூட்டியோ பார்த்த பரிசோதனை வேண்டும்.

13. இரண்டாவது காரணியைச் சேர்ப்பது

மீதமிருக்கும் ஸ்லைடுகளில் இரண்டு காரணிகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் படம் பேசத் தொடங்கும். இரண்டு ஜோடிகளைப் பரிந்துரைக்கிறேன்.

முதலாவது, நிலை 24-இல் பாக்ஸ்6-உம் பாக்ஸ்2-உம். கிண்ணத்தில் பாக்ஸ்6, காம்பிலும் பிளவின் ஓரத்திலும் பாக்ஸ்2. எலியில் இவை ஒன்றையொன்று அடக்குகின்றன என்று காட்டப்பட்டிருக்கிறது. கண்ணுக்கும் காம்புக்கும் நடுவே எல்லை விழுவது அப்படித்தான். முயலில் உண்டாக்கிய பாக்ஸ்2 ஆன்டிபாடி எடுத்தால், எலியில் உண்டாக்கிய பாக்ஸ்6 ஆன்டிபாடியோடு மோதாது. உடல் வெட்டில் சிறுநீரகக் குழல் இப்போது ஒளிர வேண்டும்.

இரண்டாவது, விஎஸ்எக்ஸ்2-உம் மிட்ஃபும். இவையும் படியெடுத்தல் காரணிகளே. புறப்படலத்திலிருந்து வரும் எஃப்ஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியின் சமிக்ஞை அதை ஒட்டிய சுவரில் விஎஸ்எக்ஸ்2-ஐக் கிளப்புகிறது. அது மிட்ஃபை அடக்கி, அந்தச் சுவரை விழித்திரை ஆக்குகிறது. விலகியிருக்கும் சுவரில் மிட்ஃப் நீடித்து, அது நிறமி அடுக்கு ஆகிறது. விஎஸ்எக்ஸ்2 பழுதான எலியில் விழித்திரைக்குள் மிட்ஃப் நீடித்து, கண் சிறுத்துப்போகிறது.

விஎஸ்எக்ஸ்2-க்குப் பெரும்பாலும் செம்மறி ஆட்டில் உண்டாக்கிய ஆன்டிபாடி கிடைக்கும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. செம்மறியின் ஆன்டிபாடியும் வெள்ளாட்டின் ஆன்டிபாடியும் அவ்வளவு ஒத்தவை. செம்மறியைப் பிடிக்கும் இரண்டாம் ஆன்டிபாடி வெள்ளாட்டையும் பிடிக்கும். நீங்கள் வெள்ளாட்டுச் சீரத்தால் அடைத்திருந்தாலோ, ஜோடியின் மற்றக் காரணிக்கு வெள்ளாட்டில் உண்டாக்கிய இரண்டாம் ஆன்டிபாடி போட்டிருந்தாலோ, இரண்டு நிறமும் எல்லா இடத்திலும் ஒன்றாகவே விழும். "இரண்டு காரணிகளும் ஒரே செல்லில் இருக்கின்றன" என்று மகிழ்ச்சியோடு படம் காட்ட வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது சீரம் எந்த விலங்குடையது என்பதைத்தான். 11-ஆம் பகுதியில் தொடக்கத்திலிருந்தே கழுதை என்று சொன்னது இதற்காகத்தான்: சீரமும் கழுதை, இரண்டாம் ஆன்டிபாடிகள் எல்லாமே கழுதை. அப்போது ஒரு நிறம் இன்னொன்றைப் பிடிக்க வழியில்லை.

இரண்டு சாயம் போடும் நாளில் ஒப்பீட்டு ஸ்லைடும் கூடும். ஒவ்வொரு முதல் ஆன்டிபாடியையும் தனியாகப் போட்டு, இரண்டு இரண்டாம் ஆன்டிபாடிகளையும் சேர்த்துப் போட்ட ஸ்லைடு ஒவ்வொன்று வேண்டும். விஎஸ்எக்ஸ்2 மட்டும் போட்ட ஸ்லைடில் மற்ற நிறம் கொஞ்சமும் தெரியக் கூடாது. தெரிந்தால் நுண்ணோக்கியின் வடிகட்டிகளில் ஒளி கசிகிறதா என்று முதலில் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் ஆன்டிபாடி ஜோடியை மாற்றுங்கள்.